புள்ளியியல் ஆணைத்தொடரில் வெளிக்கோப்பைச் சேர்த்தல்: பொது விதியும் தனிச் சோதனையும்

வட்டந்தோறும் நெற்பயிரின் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிடும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். களப்பணியாளர்கள் கொணரும் அளவுகள் ஓரிடத்தில் பிகாவிலும், மற்றோரிடத்தில் ஏக்கரிலும், வேறோரிடத்தில் சென்டிலும் இருக்கும். அவை யாவும் எக்டேராக மாற்றப்பட்ட பின்னரே ஒன்றோடொன்று கூட்டத்தக்கவை. இம்மாற்றத்திற்கு ஒரு பெருக்கெண் வேண்டும். பரப்பைக் கணக்கிடும் ஆணைத்தொடர் ஒன்று, விளைச்சலைக் கணக்கிடுவது ஒன்று, அட்டவணை தயாரிப்பது ஒன்று என அலுவலகத்தில் பத்து ஆணைத்தொடர்கள் உள்ளன என்று கொண்டால், அப்பெருக்கெண் பத்து இடங்களில் எழுதப்பட்டிருக்கும். பத்தில் ஒன்றில் 0.1338 என்பது 0.1383 என்று இலக்கம் இடம் மாறிவிட்டால், பொறி அதனைத் தவறென்று சொல்லாது. கொடுத்த எண்ணைக் கொண்டு பிழையின்றிப் பெருக்கிப் பிழையான விடையைத் தரும்.

இவ்விடரை நீக்கும் பொருட்டு அமைந்ததே, ஓர் ஆணைத்தொடரினுள் வேறொரு கோப்பில் எழுதப்பட்டுள்ள ஆணைகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை. பொதுவான அளவுகளும் விதிகளும் ஒரே கோப்பில் ஒரு முறை எழுதப்படும். ஏனைய ஆணைத்தொடர்கள் யாவும் அக்கோப்பை அழைத்துப் பயன்படுத்தும். இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதனைக் கையாளுவோர் எவற்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும், அதனால் வரும் நன்மையோடு கூடவே வரும் தீமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டுக்கு 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழியைக் கொள்வோம். இது விலையின்றிக் கிடைப்பது. கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பயன்பட்டு வருவது.

பழைய வழக்கமே புதிய வடிவில்

பொது விதியை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுதல் புதுமையன்று. பெரிய நூலொன்றைப் பலர் பங்கிட்டு மொழிபெயர்க்கும்போது கலைச்சொற் பட்டியல் ஒன்று முதலில் தயாரிக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் சொல்லாக்காமல் அப்பட்டியலைப் பார்த்தே எழுதுவர். அதனால் நூல் முழுவதும் ஒரே சொல் ஒரே பொருளில் வரும். ஆனால் பட்டியலிலேயே ஒரு சொல் தவறாக அமைந்துவிடின், அத்தவறும் நூல் முழுவதும் ஒரே சீராக வரும். எங்கும் ஒன்றுபோல் வருவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தவறாகத் தோன்றாது. இவ்வுவமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

கணிப்பொறி வரலாற்றிலும் இவ்வழக்கம் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் ஆணைத்தொடரை இயக்கியது. அடிக்கடி வேண்டப்படும் கணக்கு முறைகளை அங்குள்ளோர் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து ஒரு நூலகம்போல் சேமித்து வைத்தனர். புதிய ஆணைத்தொடர் எழுதுபவர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, அதன் படியைத் தம் நாடாவில் பொறியின் உதவியால் பதித்துக்கொள்வார். கையால் மீண்டும் எழுதுவதில் நேரும் பிழை இதனால் தவிர்க்கப்பட்டது. டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோருடன் சேர்ந்து வில்க்ஸ் இம்முறையை விளக்கி எழுதிய நூல் 1951-இல் வெளிவந்தது.

நம் நாட்டில் இத்துறையின் முதற்கதை கல்கத்தா நகரைச் சார்ந்தது. 2001 முதல் கொல்கத்தா என வழங்கும் அந்நகரில், பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிரசிடென்சி கல்லூரியில் நடத்திவந்த புள்ளியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. பின்னர் அந்நிறுவனம் நகரின் வடபுறத்திலுள்ள பராநகரில் நிலைபெற்றது. அங்கே 1956-இல் எச்.ஈ.சி.-2எம் என்னும் பிரிட்டிஷ் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் மின்னணு இலக்கக் கணிப்பொறி அதுவே. சில ஆண்டுகளுக்குள் சோவியத் நாட்டின் யூரல் பொறி வந்து சேர்ந்தது. 1966-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் கூடி ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் பொறியை நிறுவனமே உருவாக்கியது. எச்.ஈ.சி. பொறிக்கு ஆணைகளை அதன் சொந்தக் குறியீட்டிலேயே எழுதவேண்டியிருந்தது. இன்று நாம் ஒரே வரியில் அழைக்கும் சராசரிக் கணக்கையும் அன்று ஒவ்வோர் அடியாகப் பிரித்து எழுதினர்.

'ஆர்' மொழியின் முன்னோடியாகிய 'எஸ்' மொழி 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலியோரால் தொடங்கப்பெற்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் 'ஆர்' மொழியை உருவாக்கி 1993-இல் அறிவித்தனர். 1995-இல் அது எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தின் கீழ் வந்தது. அதன் 1.0.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் வெளியிடப்பட்டது.

'சோர்ஸ்' கட்டளை

'ஆர்' மொழியில் வெளிக்கோப்பைச் சேர்க்கும் கட்டளையின் பெயர் 'சோர்ஸ்'. மூலம் அல்லது ஊற்று என்பது அதன் பொருள். கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே படிப்பதற்கு எளிதாகத் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டவேண்டும்.

முதலில், பொது அளவுகளுக்கென ஒரு கோப்பைத் தயாரிப்போம். மேற்கு வங்கத்தில் ஒரு பிகா என்பது 20 காட்டா. ஒரு காட்டா 720 சதுர அடி. ஆகவே ஒரு பிகா 14,400 சதுர அடியாகிறது. சென்னையில் வழங்கும் 2,400 சதுர அடி கொண்ட மனைக்கணக்கில் இது சரியாக ஆறு மனைகளாகும். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். இவற்றைக் கொண்டு எழுதும் கோப்பின் பெயர் 'பொது_அளவுகள்.ஆர்' என்றிருக்கட்டும். அதில் மூன்று வரிகள் உள்ளன:

அடி_மீட்டர் <- 0.3048
பிகா_சதுரஅடி <- 14400
பிகா_எக்டேர் <- பிகா_சதுரஅடி * அடி_மீட்டர்^2 / 10000

மூன்றாம் வரியில் பொறியே கணக்கிட்டு 0.1337803776 என்னும் பெருக்கெண்ணைப் பெறுகிறது. 0.1338 என்று நாம் சுருக்கி எழுதியது இதனையே.

இனி, பரப்பைக் கணக்கிடும் ஆணைத்தொடர் வேறொரு கோப்பில் உள்ளது. அதன் தொடக்கத்தில் பின்வரும் வரியை எழுதுகிறோம்:

சோர்ஸ்("பொது_அளவுகள்.ஆர்")
பரப்பு <- பிகா_எண்ணிக்கை * பிகா_எக்டேர்

முதல் வரியைக் கண்டதும் பொறி அக்கோப்பைத் திறந்து இறுதிவரை படிக்கிறது. படித்தவற்றின் இலக்கண அமைப்பை முதலில் ஆராய்கிறது. அமைப்புச் சரியாயிருப்பின் ஆணைகளை வரிசைப்படி நிறைவேற்றுகிறது. அதன்பின் 'பிகா_எக்டேர்' என்னும் பெயர் நம் ஆணைத்தொடரில் நாமே எழுதியதுபோலப் பயன்படுகிறது. பெருக்கெண்ணைத் திருத்த நேர்ந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

கையாளுவோர் அறிய வேண்டியவை

முதலாவது, இடம். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், பொறி தான் அப்போது பணிபுரியும் கோப்புறையில் மட்டுமே அதனைத் தேடும். 'கெட்டபிள்யூடி' என்னும் கட்டளை அக்கோப்புறை எது என்பதைக் காட்டும். தம் கணிப்பொறியில் இயங்கிய ஆணைத்தொடர் மாவட்ட அலுவலகத்தில் இயங்கவில்லை என்னும் முறையீடுகளுள் பல இதனாலேயே எழுகின்றன. தம் பொறிக்கு மட்டுமே உரிய முழு முகவரியை எழுதாமல், ஒரு பணிக்குரிய கோப்புக்கள் யாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, அங்கிருந்து தொடங்கும் முகவரியை எழுதுதல் நலம். கோப்புறைப் பெயர்களைப் பிரிக்க முன்சாய்ந்த கோட்டையே இடுக. விண்டோஸ் முறையில் வழங்கும் பின்சாய்ந்த கோடு 'ஆர்' மொழியில் வேறு பொருளுடையது. அதனை இட விரும்பினால் இரட்டித்து எழுதவேண்டும்.

இரண்டாவது, பிழை நேரும்போது நிகழ்வது. கோப்பில் எங்கேனும் அடைப்புக்குறி விடுபட்டு இலக்கணப் பிழை இருக்குமாயின், அக்கோப்பின் எந்த ஆணையும் நிறைவேறாது. ஆனால் இலக்கணம் சரியாயிருந்து, நிறைவேற்றும்போது நடுவில் பிழை நேர்ந்தால், அதற்கு முந்திய ஆணைகளின் விளைவுகள் நினைவகத்தில் அப்படியே நிற்கும். பாதி மட்டும் நிறைவேறிய நிலையை முழுதும் நிறைவேறியதாக எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, அச்சிடுதல். ஒரு மாறியின் பெயரைத் திரையில் தட்டினால் அதன் மதிப்புத் தோன்றும். அதே பெயர் வெளிக்கோப்பினுள் இருந்தால் தோன்றாது. தோன்றவேண்டுமாயின் 'பிரிண்ட்' கட்டளையை எழுதவேண்டும். அல்லது 'சோர்ஸ்' கட்டளையில் 'எக்கோ' என்னும் குறிப்பை இயங்கச் செய்யவேண்டும். பின்னது ஆணைகளையும் விடைகளையும் ஒருங்கே காட்டுமாதலால் வகுப்பறைக்கு ஏற்றது.

நான்காவது, பெயர் மோதல். சேர்க்கப்பட்ட கோப்பின் ஆணைகள், வேறுவிதமாகச் சொல்லாவிடின், பொதுச் சூழலிலேயே நிறைவேறுகின்றன. பலர் ஒரே மேசையில் தாள்களை வைப்பது போன்றது இது. நாம் 'அ' என்னும் பெயரில் ஒரு மதிப்பை வைத்திருக்க, வெளிக்கோப்பும் 'அ' என்னும் பெயரை வேறு மதிப்புக்குப் பயன்படுத்தினால், நம் மதிப்பு எச்சரிக்கையின்றி அழிந்து மற்றது அவ்விடத்தில் அமரும். ஆகவே பொதுக்கோப்பில் வரும் பெயர்கள் நீண்டனவாகவும் பொருள் விளங்குவனவாகவும் இருத்தல் வேண்டும். 'லோக்கல்' என்னும் குறிப்பில் புதிய சூழல் ஒன்றைக் கொடுத்து, வெளிக்கோப்பின் பெயர்களை அதற்குள்ளேயே அடக்கிவைத்தலும் கூடும்.

ஐந்தாவது, காலம். 'சோர்ஸ்' கட்டளை இட்ட நேரத்தில் கோப்பு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே மதிப்புக்கள் நினைவகத்தில் பதிகின்றன. பிறகு கோப்பைத் திருத்தினால் நினைவகத்திலுள்ளவை தாமே மாறா, மீண்டும் சேர்க்கவேண்டும். முக்கியமான அட்டவணை எதையும் பொறியைப் புதிதாகத் தொடங்கி, முதல் வரியிலிருந்து இயக்கிப் பெறுதல் பாதுகாப்பானது.

ஆறாவது, எழுத்துமுறை. கோப்பில் தமிழிலோ வங்காளத்திலோ குறிப்புரைகளும் தலைப்புக்களும் இருக்குமாயின், அது யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். 'சோர்ஸ்' கட்டளையிலும் அதனைக் குறிப்பிடலாம். 2022-இல் வெளிவந்த 4.2.0 பதிப்பு முதல் விண்டோஸ் பொறிகளிலும் இம்முறை இயல்பாக ஏற்கப்படுகிறது. பழைய பதிப்பு உள்ள அலுவலகங்களில் எழுத்துக்கள் சிதைந்து தோன்றினால் இதனை முதலில் நோக்குக.

ஏழாவது, நம்பகம். இக்கட்டளை இணைய முகவரியிலிருந்தும் கோப்பை நேரே எடுத்து இயக்கவல்லது. அம்முகவரியில் இருப்பதை மற்றொருவர் எப்போது வேண்டுமாயினும் மாற்றிவிடலாம். படித்துப் பாராத கோப்பைச் சேர்ப்பது, படித்துப் பாராத தாளில் கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும்.

பிற மொழிகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 'சாஸ்' மொழியில் விழுக்காட்டுக் குறியுடன் எழுதப்படும் 'இன்க்ளூட்' கட்டளை, வெளிக்கோப்பின் வரிகளை அவ்விடத்திலேயே தட்டியதுபோல் புகுத்துகிறது. 'ஸ்டாட்டா' மொழியில் 'டூ', 'இன்க்ளூட்' என இரண்டு உள்ளன. 'டூ' கொண்டு இயக்கிய கோப்பில் வரையறுக்கப்பட்ட உள்ளூர்க் குறும்பெயர்கள் அக்கோப்போடு மறைந்துவிடும். 'இன்க்ளூட்' கொண்டு சேர்த்தால் அவை எஞ்சி நிற்கும். கட்டளையின் பெயர் ஒன்றுபோல் இருப்பினும் மேசை பொதுவா தனியா என்பதை அந்தந்த மொழியில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மகலனோபிஸ் முறையும் அதன் எல்லையும்

நிற்க. இதுகாறும் கூறியவற்றால் பொதுக்கோப்பு நன்மையே தருவது என்று தோன்றலாம். இங்கேதான் கல்கத்தாவில் பிறந்த மற்றொரு கருத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1937-இல் தொடங்கிய வங்காளச் சணற்பயிர் மதிப்பீடுகளின்போது மகலனோபிஸ் ஓர் இடரை எதிர்நோக்கினார். மாதிரியாகத் தேர்ந்தெடுத்த நிலங்கள் சிலவே என்பதால் வரும் பிழை ஒருபுறம். களத்தில் அளப்பவரும் அலுவலகத்தில் கணக்கிடுபவரும் செய்யும் பிழை மறுபுறம். முதல்வகைப் பிழையைக் கணிதத்தால் மதிப்பிடலாம். இரண்டாவதைக் கண்டறிய அவர் கையாண்ட வழி ஊடுகலந்த துணைமாதிரிகள் எனப்படும். ஒரே நிலப்பகுதியில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இரு துணைமாதிரிகளைத் தேர்ந்து, அவற்றை இரு வேறு குழுவினரிடம் ஒப்படைப்பது இம்முறை. இரு குழுக்களும் தனித்தனியே பணிபுரிந்து இரு மதிப்பீடுகளைத் தரும். தற்செயலாக நேரக்கூடிய அளவைக் கடந்து அவை வேறுபட்டால், எங்கோ ஒரு குழுவின் பணியில் பழுது உண்டு என்று அறியலாம். 1950-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்விலும் துணைமாதிரிகளைப் பயன்படுத்தும் வழக்கம் இடம்பெற்றது. அவ்வாய்வின் விவரச் செயலாக்கப் பிரிவு நெடுங்காலம் கொல்கத்தாவையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

இம்முறையின் உயிர்நிலை, இரு குழுக்களும் ஒன்றையொன்று சாராதிருத்தல் என்பது. இரு குழுக்களின் அளவுகளையும் ஒரே பொதுக்கோப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் என்ன நேரும்? ஒரு சிறு கணக்கால் காண்போம். இது விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டு.

முதற்குழு கண்ட பரப்பு 1,200 பிகா. இரண்டாங்குழு கண்டது 1,230 பிகா. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டரை.

பெருக்கெண் 0.1338 எனச் சரியாக இருந்தால், விடைகள் 160.56 எக்டேரும் 164.57 எக்டேரும் ஆகும். வேறுபாடு நூற்றுக்கு இரண்டரை.

ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி ஆணைத்தொடர் இருந்து, இரண்டாங்குழுவினுடையதில் மட்டும் பெருக்கெண் 0.1383 எனத் தவறியிருந்தால், விடைகள் 160.56, 170.11. வேறுபாடு நூற்றுக்கு ஆறளவு. மேலாளர் ஐயுற்று ஆராய இடமுண்டு.

பொதுக்கோப்பிலேயே பெருக்கெண் 0.1383 எனத் தவறியிருந்தால், விடைகள் 165.96, 170.11. வேறுபாடு மீண்டும் நூற்றுக்கு இரண்டரையே. இரு குழுக்களும் ஒத்துப்போகின்றன. அட்டவணை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் சராசரி 162.57 எக்டேராக இருக்கவேண்டிய இடத்தில் 168.03 என்று நிற்கிறது. நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மிகை. மாதிரியிலிருந்து மாவட்டம் முழுமைக்கும் பெருக்கும்போது இம்மிகையும் உடன்பெருகும். உணவுத் தானியக் கையிருப்புப் பற்றிய முடிவுகள் இத்தகைய எண்களின் மேல் எழுபவை.

ஆகவே, பொதுக்கோப்பு படியெடுக்கும் பிழைகளை ஒழிக்கிறது. எனினும் அதில் புகுந்துவிட்ட பிழையை, குழுக்களை ஒப்பிடும் சோதனை ஒருபோதும் காட்டிக்கொடாது. இருவர் ஒரே முழக்கோலால் அளந்து ஒரே விடை கண்டால், அது அவர்கள் கவனமாக அளந்தனர் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, முழக்கோல் சரியானது என்பதற்குச் சான்றாகாது. கலைச்சொற் பட்டியலைப் பற்றி முன்னர்க் கூறியதும் இதுவே.

தனி வாயிற்காலும் இடைவாயிற்காலும் காட்டும் வேறுபாட்டை மற்றொரு வகையிலும் காணலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதற்குழுவின் ஆணைத்தொடர் மட்டும் தவறியிருந்தால் விடைகள் 165.96, 164.57 என்றாகி, சரியான கணக்கைக் காட்டிலும் மிக நெருங்கி நின்றிருக்கும். இரு விடைகள் ஒத்திருப்பது மட்டுமே உண்மைக்கு அடையாளம் அன்று என்பதற்கு இதுவும் சான்று.

செய்யத்தக்கவை

பொதுக்கோப்பை விட்டுவிட்டுப் பத்து இடங்களில் எழுதும் பழைய வழக்கத்திற்குத் திரும்பவேண்டும் என்பது இதன் கருத்தன்று. முழக்கோலைத் தனியே சோதிக்கவேண்டும் என்பதே கருத்து. அதற்குரிய வழிகள் நான்கு.

ஒன்று: கணக்கிட்டுப் பெறத்தக்க எண்ணைத் தட்டி எழுதலாகாது. 0.1338 என்று எழுதாமல், வரையறையாகிய 14,400, 0.3048 என்னும் எண்களை எழுதிப் பொறியைக் கணக்கிடச் செய்க. வரையறை எண்களை எவரும் நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவு வழங்கும் இடத்தையும் குறிப்புரையாக எழுதுக. பிகா என்பது எல்லா மாநிலங்களிலும் ஒன்றன்று.

இரண்டு: மற்றொரு வழியில் கணக்கிட்டு ஒப்பிடுக. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 14,400-ஆல் வகுக்க 3.025 பிகாவாகிறது. ஓர் ஏக்கர் 0.40468564 எக்டேர், அதனை 3.025-ஆல் வகுத்தால் 0.13378 வரவேண்டும். 'ஸ்டாப் இஃப் நாட்' என்னும் கட்டளை, கூறிய நிபந்தனை பொய்யானால் ஆணைத்தொடரை அவ்விடத்திலேயே நிறுத்திவிடும். தசம எண்கள் பொறியில் கடைசி இலக்கம் வரை ஒத்திராமல் போகலாமாதலால், சிறு வேறுபாட்டைப் பொறுக்கும் 'ஆல் ஈக்வல்' என்னும் கட்டளையைத் துணைகொள்க. பெருக்கெண் 0.13-க்கும் 0.14-க்கும் இடையில் உள்ளதா என்று மட்டும் கேட்டால் 0.1383 என்னும் தவறான எண்ணும் தேறிவிடும் என்பதைக் கவனிக்க.

மூன்று: சோதனையைப் பொதுக்கோப்பை எழுதியவர் அன்றி வேறொருவர் எழுதுக, அது வேறொரு கோப்பில் இருக்கட்டும். எழுதியவரே சோதித்தால், எந்தத் தவறான எண்ணத்தால் பிழை செய்தாரோ அதே எண்ணத்தாலேயே சோதிக்கவும் செய்வார்.

நான்கு: ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று நிலங்களின் கணக்கை, ஆணைத்தொடரைப் பாராமல், களப்பணியாளர் ஒருவர் தாளில் போட்டுப் பொறியின் விடையோடு ஒப்பிடுக. நிலத்தைக் கண்ணால் கண்டவர் அவர். 3 பிகா நிலம் 4 எக்டேர் என்று வந்தால் அவருக்கு உடனே தோன்றும் ஐயம், அலுவலகத்தில் இருப்பவர்க்குத் தோன்றாது.

ஆசிரியர்களுக்கான பயிற்சி

கணிப்பொறி இல்லாத வகுப்பிலும் இப்பாடத்தை நடத்தலாம். மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரிக்க. கரும்பலகையின் ஓரத்தில் 'பொதுக்கோப்பு' எனத் தலைப்பிட்டு, ஒரு பிகா = 0.1383 எக்டேர் என்று வேண்டுமென்றே தவறாக எழுதுக. முதல் இரு குழுக்களுக்கும் மேலே தந்த 1,200, 1,230 என்னும் அளவுகளைக் கொடுத்து, பலகையைப் பார்த்துக் கணக்கிடச் சொல்லுக. மூன்றாங்குழுவுக்குப் பலகையைக் காட்டாமல், ஒரு பிகாவுக்கு ஆறு மனை, ஒரு மனைக்கு 2,400 சதுர அடி, ஓர் அடிக்கு 0.3048 மீட்டர் என்பவற்றை மட்டும் கொடுத்து அதே கணக்கைச் செய்யச் சொல்லுக. முதல் இரு குழுக்களின் விடைகளும் நூற்றுக்கு இரண்டரை வேறுபாட்டில் நிற்க, மூன்றாங்குழுவின் விடைகள் இரண்டும் குறைந்து வருவதை மாணவர்களே கண்டு, பிழை எங்குள்ளது என்று விவாதிப்பர்.

பின்வரும் வினாக்களையும் கொடுக்கலாம்.

1. ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள சோதனை நிலத்தில் அறுத்த நெல் 11.2 கிலோ. எக்டேருக்கு விளைச்சல் எவ்வளவு? ஒரு எக்டேரில் இத்தகைய சதுரங்கள் எத்தனை என்பதைப் பொதுக்கோப்பில் எவ்வாறு எழுதுவீர்? (விடை: 400 சதுரங்கள்; 4,480 கிலோ.)

2. நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஒரு பிகா ஏறத்தாழ எத்தனை சென்ட்? (விடை: 33.)

3. பொதுக்கோப்பில் 'விலை' என்னும் மாறி உள்ளது. உம் ஆணைத்தொடரிலும் 'விலை' உள்ளது. 'சோர்ஸ்' கட்டளையை உம் மாறிக்கு முன் இட்டால் எது நிலைக்கும்? பின் இட்டால் எது நிலைக்கும்? (விடை: எது பின்னர் நிறைவேறுகிறதோ அதுவே நிலைக்கும்.)

எச்.ஈ.சி. பொறி கல்கத்தாவில் இயங்கத் தொடங்கிய அதே 1956-ஆம் ஆண்டில்தான், நாடெங்கும் மெட்ரிக் அளவை முறையைக் கொணரும் நிறுத்தலளவை முகத்தலளவைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆண்டுகள் பல கடந்தும் களத்தில் பிகாவும் காட்டாவும் சென்டும் மனையும் வழக்கில் உள்ளன. ஆதலால் மாற்றும் பெருக்கெண்ணும், அதனைத் தாங்கும் பொதுக்கோப்பும் நமக்கு இன்னும் நெடுங்காலம் வேண்டியிருக்கும். அக்கோப்பின் தலைப்பில் எழுதியவர் பெயரும் நாளும் இருப்பது வழக்கம். அதன் கீழே சோதித்தவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குக. அவ்வரி வெறுமையாக உள்ள கோப்பை எந்த ஆணைத்தொடரிலும் சேர்க்காதீர்.